லட்சுமியை மிதிக்காத கால்கள்

"...மாட்டேங்க ஐயா. இன்னொரு வாட்டி கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். உப்பு எங்களுக்கு மகாலட்சுமி. செருப்புக் காலோட அவள மிதிக்க மாட்டேன்" என்றாள் அஞ்சலை.

வரப்பின் மேல் எங்கள் சனம் கூடியிருந்தது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் சர்க்கரைப் பொங்கல் வாசமும் சேற்று வாசமும் கலந்து அடித்தன. ஈசிஆர் ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது.

உப்பள முதலாளி சிரித்தார். சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை அவர். மீசை மட்டும் கொஞ்சம் அகலும். என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா ஏழுமலை? நானா சொல்றேன்? உங்க சனமே சொல்லுது."

என் பக்கத்தில் நின்ற செல்வம் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். "போச்சுண்ணே. அக்கா கவுத்துட்டுது" என்றான் காதோரமாக.

அஞ்சலையை அந்த வரப்பிலேயே நிறுத்திவைக்கிறேன். நின்று பழகிய பெண்தான், கோபித்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் என்னோடு கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும்.

வெறுங்கால்

மரக்காணத்து உப்பளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரை ஓரங்கட்டி, வெள்ளை அம்பாரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் இந்த ரோட்டில் குறைவு. அந்த அம்பாரம் தானாக வளர்வதில்லை. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, வரப்பேறிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் அங்கே மூட்டை தூக்கியவன். பிறகு சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் சங்க ஆபீஸ் தகரக் கொட்டகையில் கிடந்த புத்தகங்களும் டீக்கடைப் பேச்சும்தான். எது அதிகம் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் டீக்கடை என்றுதான் சொல்வேன். அந்தக் கடைக்கார அம்மா ஒருநாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னது இது: "முதலாளி மொறைச்சா சங்கத்துக்கு வர்றீங்க, சிரிச்சா ஊட்டுக்குப் போயிடுறீங்க." எங்கள் சங்கத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

உப்பளத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. உப்பு லட்சுமி. பாத்தி அவள் குடியிருக்கிற இடம். வரப்புக்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்றி விட்டு, குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவோம். முதலாளியும் அப்படித்தான். காரை விட்டு இறங்கியதும் அந்தப் பளபளக்கிற தோல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வரப்பில் நடப்பார். அதைப் பார்க்கிறபோது எங்கள் பெண்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். "பாரு, அவரும் நம்மள மாதிரியேதான்" என்பார்கள்.

அவர் வரப்பில் நடந்துவிட்டுக் காரேறிப் போய்விடுவார். எங்கள் பெண்கள் பாத்திக்குள் நிற்பார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி, உப்புக்கல் கீறி, அந்தக் கீறலுக்குள் மறுபடி உப்புத் தண்ணீர் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் தடவுவார்கள். காலையில் மறுபடி பாத்தி.

அஞ்சலைக்கு ஜோடி கன்னியம்மா. நிறைகூடையை ஒருத்தியே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். அதனால் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்கள் இருவரும் ஜோடி. "எம் புருஷன் மொகத்தவிட கன்னிமா மொகத்ததான் அதிகம் பாத்திருக்கேன். பரவால்ல, இவ நல்லாத்தான் இருக்கா" என்று அஞ்சலை சொல்லுவாள்.

கன்னியம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. காலில் கல் கீறிய புண் ஆறவில்லை. சங்கம் பூட்ஸ் கேட்க ஆரம்பித்தது அந்தப் புண்ணைப் பார்த்துத்தான். ஒவ்வொரு பெண்ணுக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும், முதலாளி செலவில்.

அவர் மறுக்கவே இல்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். "தாராளமா வாங்கித் தர்றேன். உங்க பொம்பளைங்க வாயால வேணும்னு ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார்.

யாரும் சொல்லவில்லை.

அடிக்காமல் ஆளுவது

இங்கே கொஞ்சம் தத்துவம் பேச வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், எனக்கும் கொஞ்சம்தான் தெரியும்.

அந்த நாட்களில் சங்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மார்க்சியம் பேசுகிற புத்தகங்களில் மேலாதிக்கம் என்று ஒரு வார்த்தை வரும். அதைப் படித்துப் படித்து எனக்கே தலை கிறுகிறுத்துப்போனது. ஆனால் உள்ளே இருந்த விஷயம் எங்கள் வரப்பில் நடக்கிற விஷயம். ஆளுகிறவன் எந்நேரமும் தடியோடு நிற்பதில்லை. அவனுக்கு எது நல்லதோ அதுவே நமக்கும் நல்லது என்று நம்மை நம்பவைத்துவிடுகிறான். கோயில், திருவிழா, பள்ளிக்கூடம், கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்குள்ளும் அந்த நம்பிக்கை ஊறிவிடுகிறது. பிறகு அவன் உத்தரவு போட வேண்டியதே இல்லை. நாமே சொல்லிவிடுவோம்.

"இந்த வார்த்தய வாயில வெச்சா பல்லு ஆடுதுப்பா. வேற ஏதாச்சும் இருந்தா சொல்லு" என்றாள் அஞ்சலை. வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவள் அவள்தான். வந்து ஒழுங்காகச் சண்டை போடுகிறவளும் அவள்தான்.

"சரிக்கா. நம்ம முதலாளி நம்மள அடிச்சிருக்காரா?"

"இல்ல."

"திட்டியிருக்காரா?"

"எங்க மாமனாரு செத்தப்போ மொத மால அவுருதுதான். திட்டுனாராம்!"

"அப்புறம் எப்படிக்கா அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, அவரு நெனைக்கிறத நம்ம வாயே சொல்லிடுது? பூட்ஸ் வேணாம்னு அவரு ஒருநாளும் சொன்னதில்லயே. நாமதான சொல்றோம்?"

அஞ்சலை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

"அப்போ எங்க சாமியும் முதலாளி கட்சியா?"

ஆமாம் என்றால் அவள் எழுந்து போய்விடுவாள். இல்லை என்றால் நான் அதுவரை பேசியதற்கு அர்த்தம் இல்லை. "டீ வந்துடுச்சு, குடிங்க" என்று சமாளித்தேன். வகுப்பு நடத்துகிற எவருக்கும் டீயைப் போன்ற துணை கிடையாது.

செல்வத்தின் பகுத்தறிவு

செல்வத்துக்குப் பொறுமை கிடையாது. லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன், சங்கத்துக்காக உயிரைக் கொடுப்பவன், எதையும் நேராக மோதிப் பார்க்கிறவன். "மூடநம்பிக்கைய ஒடச்சுக் காட்டணும்ணே. ஒருத்தன் எறங்கிட்டா மத்தவங்க தானா எறங்குவாங்க" என்பான்.

ஒருநாள் காலையில் பாண்டிச்சேரியில் வாங்கிய பூட்ஸை மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, பாத்திக்குள் இறங்கிவிட்டான். அதுவும் விளைந்து, மறுநாள் வார வேண்டிய பாத்தி.

அந்தப் பூட்ஸின் அடிப்பகுதி லாரி டயர் மாதிரி கட்டை கட்டையாக இருந்தது. பருவத் தொடக்கத்தில் நாள்கணக்காக வெறுங்காலால் மிதித்து மிதித்துத்தான் பாத்தியின் களிமண் தரையைக் கெட்டிப்படுத்துவோம். அது சிமென்ட் போட்ட மாதிரி இருந்தால்தான் உப்பு வெள்ளையாக வரும். செல்வம் வைத்த ஒவ்வொரு அடியும் அந்தத் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. சேறு மேலே கிளம்பியது. அவன் நடு பாத்திக்குப் போய், திரும்பி, வெற்றி வீரனாகக் கையைத் தூக்கியபோது, பின்னால் இருந்த உப்பெல்லாம் பழுப்பு நிறம்.

பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பாத்தியா! கோவிச்சுக்கிட்டா பாரு லட்சுமி!" என்று யாரோ கத்தினார்கள்.

"டேய் செல்வம், உன் பகுத்தறிவு பாத்தி பூரா சேறாயிடுச்சுடா" என்றார் பலகை பிடித்திருந்த ஒருவர். செல்வம் அங்கேயே உறைந்து நின்றான். திரும்பி வர வேண்டும் என்றாலும் இன்னும் கொஞ்சம் பாத்தி கெடும். கடைசியில் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்து சேர்ந்தான்.

முதலாளி அதற்கும் கோபப்படவில்லை. அந்தப் பாத்தியைக் கழுவிவிட்டு, ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார், அவ்வளவுதான். சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவது அதோடு நின்றது. அஞ்சலையும் வரவில்லை. தகரக் கொட்டகையில் நானும் செல்வமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம்.

ஆனால் அந்தப் பழுப்புப் பாத்தி என் மனசை விட்டுப் போகவில்லை. பொதுப்புத்தி என்று புத்தகங்களில் சொல்லுவார்கள், ஊரே யோசிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிற எண்ணங்களை. அதெல்லாம் குப்பை இல்லை, அதற்குள்ளே நல்லபுத்தியும் ஒளிந்திருக்கும், அதைத் தேடி எடுத்துக் கெட்டிப்படுத்துவதுதான் இயக்கத்தின் வேலை என்றும் படித்திருந்தேன். படித்தபோது மேலோட்டமாக ஓடிவிட்டது. செல்வத்தின் காலடிகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. "செருப்போடு இறங்காதே" என்பதற்குள் சாமி மட்டும் இல்லை, தரையும் இருக்கிறது. எங்கள் சனம் காத்தது இரண்டையும்தான்.

நூலில் ஒரு முடிச்சு

கன்னியம்மாவைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் வந்த காலின் விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பினாள்.

நான் பார்க்கப் போனபோது அஞ்சலை அங்கே உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு வாத்தியாரு" என்றாள். குரலில் பழைய காரம் இருந்ததே எனக்கு ஆறுதல்.

"இனிமே எனக்கு யாரு கூட தூக்கி வுடுவா?" என்று கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, சுவரைக் கேட்ட மாதிரியும் இருந்தது.

கன்னியம்மா சிரித்தாள். "இத்தினி நாளு தூக்கி வுட்டதுக்கே ஒரு நன்றி சொன்னதில்ல. இப்போ அழுவுறா பாரு."

"யாருடி அழுவுறா? கஞ்சிப் பொகை."

அப்போதுதான் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு வகுப்புல ஒண்ணு கேட்டீங்களே, சாமியும் முதலாளி கட்சியான்னு. சாமி எந்தக் கட்சியிலயும் சேரலக்கா. நாமதான் சாமிய அவரு பக்கத்துல வுட்டுட்டு, வெறுங்கையோட இந்தப் பக்கம் வந்து நிக்கிறோம்."

அஞ்சலை கஞ்சியை ஊட்டி முடித்தாள். கையைக் கழுவினாள். நான் கிளம்பும்போது வாசலில் வந்து, பாவாடை நாடா மாதிரி ஒரு நூலை என் கையில் திணித்தாள். நடுவில் ஒரு முடிச்சு.

"எங்காலு அளவு. அடி வழவழன்னு இருக்கிற பூட்ஸ் கெடைக்குமான்னு பாரு. ரம்பம் மாதிரி இருந்தா கொண்டாராத."

"போடுறீங்களாக்கா?"

"வாங்கிக் குடுன்னுதான் சொன்னேன். போடுவேன்னு சொன்னனா?"

பாண்டிச்சேரி பூரா தேடினேன். எல்லாம் டயர் அடிதான். கடைசியில் கூனிமேட்டில் மீன்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு பாய் கடையில் சொல்லிப் பார்த்தேன். அவர் நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு ஜோடியை எடுத்துக் கவிழ்த்து, அடியில் இருந்த கட்டைகளைச் சாணை மிஷினில் பிடித்து, முழுசாக இழைத்துத் தந்தார். ரப்பர் தூள் அவர் தாடியெல்லாம் அப்பிக்கொண்டது.

"உப்பளத்துப் பொம்பளைங்களுக்கா தோழர்?" என்று கேட்டார். "எங்க ஆளுங்க துபாய்ல கம்பெனி பூட்ஸ் போட்டுக்கினு வேல செய்யுறாங்க. அங்க கம்பெனி குடுக்கலேன்னாதான் கேஸு. இங்க போட்டாதான் கேஸு. மாஷா அல்லா, நல்ல ஊரு!"

அஞ்சலையிடம் கொடுத்தேன். கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தாள். முந்தானையில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

படையல்

பொங்கல் கழிந்து பருவம் தொடங்குகிற நாள். இப்போது அந்த வரப்புக்குத் திரும்பிவிடலாம்.

அன்றைக்கு எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரப்பில் வாழையிலை போட்டு, லட்சுமி படம் வைத்து, பலகை, கூடை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் படைப்போம். கற்பூரம் காட்டியதும் முதலாளி தன் கையால் அவற்றை எடுத்துக் கொடுப்பார். மூத்த பெண் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். படையலில் இருந்து அவர் கையால் கொடுத்தது எதுவோ, அது அந்தப் பருவம் முழுக்க அவர் பொறுப்பு. பலகை உடைந்தால் வேறு பலகை அவர் தருவார். கூடை பிய்ந்தால் வேறு கூடை. ஒவ்வொரு ஆளுக்கும். இதைப் பேசி யாரும் ஒப்பந்தம் போட்டதில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

சங்கத்தோடு பேச்சுவார்த்தைக்கும் அதே நாளைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். பொங்கல் வேகிற வாசத்தில் யாருக்குக் கோரிக்கை வைக்க வாய் வரும்? நல்ல நாளும் அதுவுமாக என்று நாங்களே நாக்கைக் கடித்துக்கொள்வோம். அது போதாதென்று, எல்லார் முன்னாலும் அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லும்மா. நீதான இங்க மூத்தவ. நீ சரின்னா எல்லாருக்கும் சரி. செருப்பு போட்டுக்கிட்டு லட்சுமிய மிதிப்பியா?"

அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

மாட்டேன் என்றாள். எங்கள் பெண்கள் தலையை ஆட்டினார்கள். கட்டையை ஊன்றி நின்ற கன்னியம்மா மட்டும் ஆட்டவில்லை. அஞ்சலையின் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடையின் மேல் ஒரு துணி மூடியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். பூசை செய்ய வந்திருந்த ஐயர் கற்பூரத் தட்டை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றாள் அஞ்சலை.

துணியை விலக்கி, உள்ளே இருந்த அந்தக் கறுப்பு பூட்ஸ் ஜோடியை வெளியே எடுத்தாள். ரோட்டு மண் படாத ரப்பர், புதுசு மாறாமல் மின்னியது. இரண்டிலும் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. கணுக்காலில் ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தது. அதைக் கொண்டுபோய்ப் படையலில், பலகைக்கும் கூடைக்கும் நடுவில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் முதலாளி. மீசை சுருங்கிவிட்டது.

"செருப்புன்னா தெருவுல நடக்கறதுங்க. இது தெரு பாக்காது. உப்பளத்துலயே இருக்கும், பலகையோட பலகையா, கூடையோட கூடையா. பலகை பாத்திக்குள்ள போவுது, மண்வெட்டி போவுது, லட்சுமி கோவிச்சுக்கலயே? இதுவும் தொழில் சாமான்தான்." குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள், பின்னால் இருக்கிற பெண்களுக்கும் கேட்கிற மாதிரி. "அடிய தடவிப் பாருங்க, வழவழன்னு கீது. தரைய ஒண்ணும் பண்ணாது. எங்க கன்னிமா காலத் தின்னுட்டுதான் லட்சுமி வெளையணும்னு அந்த மகராசி எங்கயும் கேக்கலங்க. கற்பூரம் காட்டச் சொல்லுங்க."

யாரும் எதுவும் சொல்வதற்குள் ஐயர் கற்பூரத்தைக் காட்டிவிட்டார். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகக் கை கூப்பினார்கள். பலகைக்குக் கும்பிட்டார்களா, பூட்ஸுக்குக் கும்பிட்டார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூப்பிய கைகள் மொத்தமும் முதலாளிக்கு எதிரில் இருந்தன. அவருடைய அப்பா காலத்து வழக்கம் அவருக்கு எதிரில் இருந்தது. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றுகொண்டிருந்தார்.

எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறேன், ஊர்வலம் போயிருக்கிறேன். எங்கள் சங்கம் அவ்வளவு உயரமாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. அவர் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருந்த சாமியைக் கைபிடித்து இந்தப் பக்கம் அழைத்துவந்துவிட்டாள் அஞ்சலை. செல்வம் என் முழங்கையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கற்பூரப் பொகைண்ணே" என்றான்.

முதலாளி பலகையைக் கொடுத்தார். கூடையைக் கொடுத்தார். மண்வெட்டியைக் கொடுத்தார். பிறகு ஒரு கணம் நின்றார். அஞ்சலை ஏந்திய கையை மடக்கவே இல்லை.

அவர் குனிந்து பூட்ஸை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதம்பத்தைப் பிரித்துக் கன்னியம்மாவின் தலையில் வைத்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டாள். எழுந்து புடவையைத் தூக்கிச் சொருகினாள். வழக்கம்போலக் குனிந்து பாத்தியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தரை மிதிக்க உள்ளே இறங்கினாள்.